எரர் வந்ததற்காகப் படிப்பை மாற்றாதீர்கள்

அம்மா, ஜாவா புரோகிராமிங் லேபில் எரர் வந்து மகள் அழுதாள் என்றீர்கள். அரசுக் கல்லூரி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸை நிறுத்திவிட்டு மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பி.இ., ஏ.ஐ. சேர்த்துவிடச் சொல்கிறார் உங்கள் அண்ணன். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது.

அந்தப் புரோகிராமை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். வகுப்பில் உள்ள 60 பேரின் மதிப்பெண்ணை வைக்க ஸ்டூடண்ட் என்றொரு கிளாஸ் (ஒரு மாணவரின் விவரத்துக்கான அச்சு), அதற்கு ஓர் அரே (வரிசையான இடங்கள்). பிளஸ் ஒன்னில் படித்த சி++ மொழியில் அப்படி அறிவித்தாலே கன்ஸ்ட்ரக்டர் ஓடி 60 ஆப்ஜெக்டையும், அதாவது அந்த அச்சில் வார்த்த 60 மாணவர் பதிவையும், உருவாக்கிவிடும். ஜாவாவில் ‘நியூ ஸ்டூடண்ட்[60]’ என்றால் 60 இடம்தான் கிடைக்கும், எல்லாவற்றிலும் ‘நல்’ (null), அதாவது ஒன்றுமில்லை. பந்தியில் இலை போட்டாயிற்று, இன்னும் பரிமாறவில்லை. அதற்குள் மதிப்பெண்ணை எழுதப் போனதால்தான் ‘நல் பாயிண்டர் எக்செப்ஷன்’ என்ற அந்த எரர். லூப் போட்டு, அதாவது அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நியூ ஸ்டூடண்டை வைத்தால் சரியாகிவிடும். வேலைக்குப் போனவர்களும் இதில் சறுக்குவதுண்டு.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் முக்கியம். லூப்பைச் சுருக்கலாமே என்று எல்லா இடத்தையும் ஒன்றாலேயே நிரப்பும் அரேஸ்.ஃபில்லில் ஒரே ஒரு நியூ ஸ்டூடண்டைக் கொடுத்தாள். எரர் போய்விட்டது, ஆனால் 60 பேருக்கும் கடைசி மாணவரின் மதிப்பெண்ணே வந்தது. நான் வாய் திறப்பதற்குள், “சார், 60 இடமும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் காட்டுது” என்று பேப்பரில் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். ஜாவாவின் 8ஆம் பதிப்பில் வந்த அரேஸ்.செட்ஆல் ஒவ்வோர் இடத்துக்கும் தனி ஆப்ஜெக்ட் செய்து தரும் என்றதும் உடனே மாற்றி எழுதினாள். இந்தப் பிள்ளைக்கு புரோகிராமிங் வராது என்று யார் சொன்னது? பெயர் பெரிதாக இருக்கும் பி.இ.யிலும் இதே அரே, இதே எரர்தான். அதற்கு ஏன் லட்சக்கணக்கில் கடன்?

யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு வழி, ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்கள். ஐ.ஐ.டி. காரக்பூர் நடத்தும் ‘புரோகிராமிங் இன் ஜாவா’ 12 வாரப் பாடம். பதிவு இலவசம், வீடியோவை யூடியூபிலும் பார்க்கலாம். வாராவாரம் அசைன்மெண்ட் உண்டு. எழுதும் புரோகிராமைக் கணினியே ஓட்டிப் பார்த்துத் தப்பைக் காட்டிவிடும். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வு. கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான். மதிப்பெண்ணில் அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், அதனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. கல்லூரி ஒப்புக்கொண்டால் பட்டப்படிப்பில் கிரெடிட்டாகவும் சேரும். துறைத்தலைவரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

முடியாது என்று அண்ணனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நகை உங்களிடமே இருக்கட்டும். ஜூலைப் பருவப் பதிவு திறந்ததும் அவள் சேரட்டும். அதுவரை இதே மதிப்பெண் புரோகிராமை, தேவைக்கேற்ப வளரும் அரேலிஸ்டில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அதில் 60 என்று முதலிலேயே அளவு சொல்ல வேண்டியதில்லை.