வெங்காயம் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி (வயது 36): சாய நூலை வெயிலில் உலர்த்தும் வேலை எனக்கு. ஆறு மாதமாகக் கன்னத்திலும் காதிலும் கருஞ்சிவப்பாகத் திட்டுகள். வெயில் பட்டால் எரிகிறது. கடை க்ரீமில் குறைந்து மறுபடி வந்துவிட்டது. தோல் மருத்துவர் விளக்கு வைத்த லென்ஸால் பார்த்துவிட்டு, "லூபஸ் மாதிரி இருக்கிறது, பயாப்சி பண்ணணும்" என்கிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயாம் அது. அந்த விளக்கில் கதிர்வீச்சு உண்டா? மாமியார் பெருநோய் என்று பயந்து என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார். யூடியூபில் பார்த்தால் லூபஸ் வந்தால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். தலையிலும் ரூபாய் அளவுக்கு முடி போயிருக்கிறது. அது புழுவெட்டுதான், சின்ன வெங்காயம் தேய்க்கிறேன்.

மருத்துவர் பதில்: தட்டை முதலில் பழைய இடத்தில் வையுங்கள். தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, நம் வேலூர்ப் பக்கத்தில் எந்தத் திட்டைப் பார்த்தாலும் இந்தப் பயம் வந்துவிடுகிறது. நீங்கள் சொல்வது தொழுநோய்க்குப் பொருந்தவில்லை. அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும். முடி மூடிய தலையில் வருவது அபூர்வம். அதன் திட்டு பெரும்பாலும் மரத்துப்போகும், வெயிலில் எரியாது. ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணமாகிவிடும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனித்தட்டு அப்போதும் தேவையில்லை. இதை மாமியாரிடமே படித்துக் காட்டுங்கள்.

கதிர்வீச்சு கிடையாது. டெர்மோஸ்கோப் என்பது எல்இடி விளக்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும்தான்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்ட தலைத் திட்டுதான் எனக்குக் கவலை. வட்டமாக முடி போனதெல்லாம் புழுவெட்டு அல்ல. புழுவெட்டில் தோல் வழவழப்பாக இருந்தாலும் மயிர்க்கால் துளைகள் அப்படியே இருக்கும். லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள், ஆச்சரியக்குறி மாதிரி நிற்கும். அந்த முடி பெரும்பாலும் திரும்பி வரும். வெங்காயத்துக்குப் பேர் கிடைத்ததே இதனால்தான். தோலில் வருகிற வட்ட லூபஸ் வேறு. பணியாரக் குழியில் மாவு அடைத்த மாதிரி ஒவ்வொரு துளையிலும் செதில் அடைத்திருக்கும். துளைகளில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் காப்பாற்றலாம். துளையே இல்லாமல் வெள்ளையாக வழுக்கிக் கிடந்தால் அது தழும்பு; அங்கே முடி திரும்பாது. நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் உங்கள் மருத்துவர் லென்ஸை எடுத்திருக்கிறார். தலையைக் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள். இந்த வாரமே காட்டுங்கள். திட்டு பெரிதாகிக்கொண்டிருக்கும்போது கழிகிற ஒவ்வொரு மாதமும் மயிர்க்கால் கணக்கில்தான் போகிறது.

வெங்காயம் எரிச்சலைக் கூட்டுமே தவிர இதற்கு ஒன்றும் செய்யாது. அப்புறம் அந்தக் கடை க்ரீம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே ட்யூபில் குழைத்து விற்கிறார்களே, அதுவாகத்தான் இருக்கும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நோயின் அடையாளமும் கலைந்துபோகும். ட்யூபை வீசிவிடாமல் மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். இதற்கும் ஸ்டீராய்டுதான் தருவார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது.

கிட்னி பயம்: இந்த வட்ட லூபஸ் வந்தவர்களில் பெரும்பான்மையினருக்கு அது தோலோடு நின்றுவிடும். ரத்தத்தில் ஏஎன்ஏ (உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை), சிறுநீரில் புரதம் பார்த்துவிடுங்கள். சிறுநீர் நுரைத்தாலோ காலையில் முகம் வீங்கினாலோ உடனே போகவேண்டும். அது இல்லாதவரை யூடியூபை மூடிவையுங்கள்.

நூல் உலர்த்தும் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன். நம் ஊர் வெயில் இந்த நோய்க்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி.

பயாப்சி என்றால் மரக்கச் செய்து மிளகளவு தோல் எடுப்பார்கள், ஒரு தையல், அவ்வளவுதான். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள்; எண்ணெயில் செதில் மறைந்துவிட்டால் லென்ஸ் வைத்தும் பிரயோஜனமில்லை.