பழைய இலக்குத் துப்பாக்கியைப் பிடித்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 52. ஜெர்மனியில் வசிக்கிறேன். 1850களில் செய்யப்பட்ட, குழலின் வாய் வழியாகக் கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தை நிரப்பி, தட்டினால் பொறி தரும் சிறு உலோகத் தொப்பியான கேப்பை வைத்துச் சுடும் ஒற்றைக்குண்டு கைத்துப்பாக்கியில் 25 மீட்டர் இலக்குப் பயிற்சி செய்கிறேன். ஆறேழு குண்டு சுட்டதும் கட்டைவிரல் மரத்துப்போகிறது, அந்தப் பக்கத்து மணிக்கட்டு வலிக்கிறது, கை நடுங்குகிறது. நடுக்கம் அடங்க ப்ராப்ரனலால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். ப்ராப்ரனலால் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே நாடித்துடிப்பு குறைவாக இருப்பவருக்கு இன்னும் குறைக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். ஊக்கமருந்து விதிகளின்படி துப்பாக்கி சுடுதலில் போட்டிக் காலத்தில் மட்டுமல்ல, எல்லா நாட்களிலும் தடைசெய்யப்பட்ட மருந்து அது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு மாற வேண்டியது பிடி.

இன்றைய போட்டித் துப்பாக்கிகளின் கைப்பிடி உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது. கீழே கையைத் தாங்க ஒரு மேடையும் உண்டு. உங்களுடையது குடைப்பிடி போல வளைந்த மெல்லிய மரக்கட்டை. தாங்கும் மேடை கிடையாது, ஆனால் எஃகுக் குழலின் கனம் முழுவதும் முன்னால் தொங்குகிறது. குழல் சரியாமல் நிறுத்தும் வேலை மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாக மேலே இழுக்கும் தசைகளுக்கும் தசைநாண்களுக்கும் போகிறது. வலி அந்தப் பக்கம் வருவதற்குக் காரணம் இதுதான். அவை களைத்ததும் நம்மை அறியாமலே கட்டைவிரலை மரத்தோடு சேர்த்து நெரிக்கிறோம். கட்டைவிரலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புகள் தோலை ஒட்டியே ஓடுகின்றன. கைப்பிடியின் விளிம்போ சொரசொரப்பான செதுக்கலோ அவற்றை அழுத்தினால் மரத்துப்போகும்.

பிடியை வீட்டில் வெறும் துப்பாக்கியோடு சரிசெய்யுங்கள். முதலில் நிப்பிளில், அதாவது கேப் உட்காரும் சிறு குழாய்முனையில், கேப் இல்லை என்று பாருங்கள். பிறகு குழலுக்குள் தடியை விட்டு, அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் மறந்துபோன குண்டும் வெடிமருந்தும் தங்கியிருப்பது உண்டு. சுத்தி வெறும் நிப்பிளில் அடித்தால் நிப்பிள் சிதையும். இடையில் ஒரு தோல்துண்டு வையுங்கள்.

இடது கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை கைப்பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு உயரே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுங்கள். ஒரே எல்லை: சுத்தியை முழுக்க இழுத்தபின் அது தோலைத் தொடக்கூடாது. முழங்கைக்குக் கீழுள்ள கையும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அடுத்து நடுவிரலையும் மோதிரவிரலையும் மூடி, உள்ளங்கையை நோக்கி நேர் பின்னால் அழுத்துங்கள். பிடி என்பதே இந்த இரண்டு விரல்தான். விசைக்காப்பு வளையத்தின் கீழே கொம்புபோல ஒரு நீட்சி இருந்தால் நடுவிரல் அங்கே போகட்டும். குழலின் கனத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுக்குப் பெரிய நிம்மதி. சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அது இறுக்கினால் குழல் கீழே இறங்கும். கட்டைவிரல் பக்கவாட்டில் படுத்திருக்கட்டும். அழுத்தினால், வலக்கைக்காரருக்குக் குண்டு வலப்பக்கம் போகும். ஆள்காட்டி விரல் மரத்தைத் தொடாமல் விலகி நின்று, குறி அமைந்த பிறகே விசைக்குப் போக வேண்டும். இந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் இரண்டு விசைகள் இருக்கும்; ஒன்றை இழுத்துப் பூட்டியபின் மற்றது மூச்சுப் பட்டாற்போலவே விழும்.

எவ்வளவு இறுக்குவது? கை கண்ணுக்குத் தெரிய நடுங்கும்வரை இறுக்குங்கள். நடுக்கம் நிற்கும்வரை மெல்லத் தளர்த்துங்கள். அந்த இடம்தான் அளவு. சுடும்போது அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிறகு கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் வெட்டுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நின்றால் மணிக்கட்டை முறுக்கி நேராக்காதீர்கள். கைப்பிடியை உள்ளங்கையில் சற்றே திருப்பிப் பிடியுங்கள். மணிக்கட்டை அப்படி முறுக்குவதே பாதி வலிக்குக் காரணம்.

குறி பார்ப்பது 5 முதல் 8 நொடி. 10 நொடி தாண்டினால் தசை களைத்து நடுக்கம் கூடும், கண்ணும் மங்கும். கையை இறக்கி மறுபடி தொடங்குங்கள். இவ்வகைத் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் 13 குண்டுக்கு 30 நிமிடம் தருகிறார்கள். அவசரமே இல்லை. ஆரோக்கியமான கையிலும் நொடிக்கு 8 முதல் 12 வரையான மெல்லிய அதிர்வு எப்போதும் இருக்கும். காபி, பட்டினி, தூக்கமின்மை, ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் எல்லாம் அதைக் கூட்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கூடும். உங்கள் வயதில் தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்வது நல்லது.

கைப்பிடி மெலிதாக இருக்கிறதென்று அந்தப் பழைய மரத்தை அரத்தால் தொடவே தொடாதீர்கள், பசைநாடாவும் ஒட்டாதீர்கள். பயிற்சிக்கு மட்டும் மெல்லிய மான்தோலைச் சுற்றிக் கட்டலாம். போட்டியில் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் சுடுவதை நிறுத்துங்கள். பிறகு வாரம் மூன்று நாள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் உயரத்தில் 10 நொடி நீட்டிப் பிடித்து இறக்குங்கள், 10 முறை. வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். குண்டு ஈயம், கேப்பின் கலவையிலும் ஈயச் சேர்மம் இருக்கலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குண்டை நீங்களே உருக்கி வார்ப்பவரானால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். மிகுந்த ஈயம் நரம்பைத் தாக்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கவைக்கும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுரீரென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டும் பட்டை சில வாரங்களுக்குத் தேவைப்படும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து விழிப்பு வந்தால், ஓய்வுக்குப் பிறகும் மரப்பு நீடித்தால், கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றினால் அல்லது கையில் பிடித்த பொருள் நழுவினால், எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்து நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை துப்பாக்கியைத் தொட வேண்டாம்.