கெட்டமைன் ஏற்றிய பிறகு

அன்புள்ள டாக்டருக்கு,

என் தம்பிக்கு 34 வயது. இரண்டு வருடமாக மனச்சோர்வு. எஸ்சிட்டலோபிராம், அதன்பின் வென்லாஃபாக்சின், இரண்டையும் முழு அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டும் எழுந்து குளிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. தூக்கத்துக்குத் தினமும் குளோனசிபாம். “செத்துப்போனால் தேவலை” என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். இப்போது மனநல மருத்துவர் கெட்டமைனை டிரிப்ஸில் 6 தடவை ஏற்றலாம் என்கிறார். அது ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துதானே? போதைக்கும் எடுப்பார்களாமே? ஷாக் (மின் அதிர்ச்சி சிகிச்சை) வேண்டாம், இதுவாவது கொடுக்கலாம் என்கிறார் அம்மா. நாங்கள் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

ஓர் அக்கா, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்ன அந்த வார்த்தையை இன்றே அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டிரிப்ஸ் தேதி வரும்வரை வைத்திருக்க வேண்டாம். மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். நள்ளிரவில் பயமாக இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ்; தமிழிலும் பேசுவார்கள்.

ஆமாம், அதே மயக்க மருந்துதான். மாறுவது அளவும் வேகமும். மயக்கத்துக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒரு நிமிடத்தில் ஏற்றுவார்கள். மனச்சோர்வுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடத்தில். 2000-இல் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட சிறு ஆய்வின் அளவு இது. இன்றும் வழக்கமாக இதில்தான் தொடங்குகிறார்கள். தம்பி 60 கிலோ என்றால் 30 மில்லிகிராம். சலைனில் கலந்து 50 மில்லி ஆக்கி, சிரிஞ்சு பம்பில் மணிக்கு 75 மில்லி வேகத்தில் விட்டால் கணக்கு சரியாக வரும். பம்ப் இல்லாமல், பாட்டிலில் கலந்து சொட்டு எண்ணி ஏற்றும் இடம் வேண்டாம். கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும்.

மருந்துக் குப்பியிலும் தவறு நடக்கும். மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 50 உள்ளதும் உண்டு. முன்னதில் 3 மில்லி எடுக்க வேண்டும், பின்னதில் 0.6 மில்லிதான். 50-ஐ 10 என்று நினைத்து 3 மில்லி எடுத்தால் 150 மில்லிகிராம் உள்ளே போகும். அளவை இரண்டு பேர் சரிபார்க்கிறார்களா, ஆக்சிஜனும் மூச்சு நின்றால் பார்க்கத் தெரிந்த மருத்துவரும் பக்கத்தில் இருப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

குளோனசிபாம் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். இந்த வகை மாத்திரைகள் கெட்டமைனின் பலனைக் குறைக்கக்கூடும். அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மெல்லக் குறைப்பதா, முந்தின இரவு மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தம்பிக்கு எப்போதாவது தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போன நாட்கள் உண்டா? இருந்தால் அது பைபோலார், அதாவது மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம். அப்போது லித்தியம் போன்ற மருந்தின் துணையோடுதான் இதைக் கொடுக்க வேண்டும். காதில் குரல் கேட்பது, அடங்காத பிபி, கர்ப்பம் இருந்தால் பொதுவாகக் கொடுப்பதில்லை.

அன்றைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் உடம்பு மிதப்பது போலவும், சத்தங்கள் தூரத்தில் கேட்பது போலவும், நேரம் இழுபடுவது போலவும் இருக்கும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். தெரியாமல் போகிறவர் சாகப்போகிறோம் என்று மிரண்டுவிடுவார். பிபி ஏறும், குமட்டலாம். ஏற்றும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிபி பார்க்க வேண்டும். முடிந்தபின் 2 மணி நேரமாவது அங்கேயே இருக்கட்டும். மறுநாள் காலைவரை வண்டி ஓட்டக் கூடாது.

போதைப் பயம் நியாயமானதே. தினமும் அதிக அளவில் போதைக்கு எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குகிறது. மருத்துவமனையில் இடைவெளி விட்டு, சிறு அளவில் ஏற்றும்போது ஆபத்து குறைவு. வீட்டில் எடுக்கக் கொடுத்தனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஷாக்கை அம்மா ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனப்பிறழ்வு இல்லாத நோயாளிகளில் கெட்டமைன் எடுத்தவர்கள் 55 சதவீதமும் ஷாக் எடுத்தவர்கள் 41 சதவீதமும் தேறினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களிடம் ஸ்வீடனில் பார்த்தபோது ஷாக்தான் முந்தியது: ஷாக்கில் 63 சதவீதம், கெட்டமைனில் 46. தம்பி சாப்பாட்டையே ஒதுக்கினாலோ, பிரமைகள் வந்தாலோ ஷாக்கே முதல் வழி.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ஏற்றிய சில மணி நேரத்திலேயே தம்பி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கலாம். வீடே கொண்டாடும். ஆனால் 2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வில் ஒரே முறை எடுத்தவர்களில் மறுநாள் தேறியிருந்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம்வரை அது நிலைத்தது 35 சதவீதத்தினருக்குத்தான். வாரத்துக்கு 3 வீதம் 6 தடவை ஏற்றிய 2013 ஆய்விலும், தேறியவர்களில் பாதிப் பேருக்குக் கடைசி டிரிப்ஸிலிருந்து ஏறக்குறைய 18 நாளுக்குள் நோய் திரும்பியது.

ஆகவே முதல் டிரிப்ஸுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: ஆறாவதற்குப் பிறகு என்ன? எந்த மாத்திரை தொடரும், பேச்சு சிகிச்சை எப்போது தொடங்கும், சரிந்தால் மறுபடி ஏற்றுவதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை? பதிலை எழுதி வாங்குங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள், மனம் மறுபடி இறங்கலாம், இறங்கினால் செய்ய வேண்டியது கைவசம் இருக்கிறது என்று. “இதுவும் கைவிட்டுவிட்டது” என்று அவர் தனியாக உட்கார்ந்து நினைக்கும் ராத்திரி மிக ஆபத்தானது. கடைசி டிரிப்ஸுக்குப் பின் ஒரு மாதமாவது இரவில் யாராவது ஒருவர் அவர் அறையில் படுங்கள். தூக்கம், சாப்பாடு, குளியல் மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் குறித்து வாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் குறைந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.