புயலில் கொல்லையில் சாய்ந்த மரங்களை விறகாக்கிக்கொள்ளலாமா?

ஆக்கலாம். ஆனால் எல்லா மரமும் விறகாகாது. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததில் எங்கள் கொல்லையில் ஒரு புளி, ஒரு மா, இரண்டு முருங்கை, பதினோரு தென்னை போயின. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முருங்கையை விட்டுவிடுங்கள். காய்ந்தால் கையில் கனமே இருக்காது, அடுப்பில் வைத்தால் புகைந்தே தீரும். நல்ல கிளைகளைப் போத்து வெட்டி நட்டோம், அவ்வளவுதான்.

எங்களை ஏமாற்றியது தென்னை. மட்டையும் பாளையும் எவ்வளவு நன்றாக எரிகின்றன, மரமும் அப்படித்தான் என்று நினைத்தோம். மரமோ வெளியே இரும்பு, உள்ளே தண்ணீரில் ஊறிய சோறு. அப்புறம் பிளக்கலாம் என்று வேலியோரம் உருட்டிவிட்டோம். சில மாதம் கழித்து ஒரு துண்டைக் கடப்பாரையால் நெம்பினால், மக்கிப்போன உள்பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. காண்டாமிருக வண்டின் புழு. மக்கும் தென்னங்கட்டையில் முட்டையிடும். வண்டானதும் நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். பிழைத்து நின்ற நாலு மரத்துக்கும் நாங்களே எமனை வளர்த்திருக்கிறோம்! தென்னை விழுந்தால் உடனே துண்டுபோட்டு, பிளந்து, வெயிலில் பரப்புங்கள். முடியாதென்றால் கொல்லையைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

மா பரவாயில்லை. சீக்கிரம் பிளக்கும், சீக்கிரம் எரிந்து தீரும். மழையில் கிடந்தால் உளுத்துவிடும், கூரைக்குக் கீழே போடுங்கள்.

புளிதான் விறகு. ஒரு கட்டை வைத்தால் உலை கொதித்து, சோறு வடித்த பிறகும் கங்கு கனன்றுகொண்டிருக்கும். ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். வைரம் பாய்ந்த கட்டை காய்ந்துவிட்டால் கோடாலி எகிறும். எங்களுக்கு ஒரு காம்பு உடைந்தது. முண்டும் முடிச்சுமான இடத்தில் இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டியிருந்தது.

பச்சை மரத்தில் எடையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கும். தரையில் படாமல் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் காற்றுப் புகும்படி அடுக்குங்கள். இல்லையென்றால் கறையானுக்குத்தான் விருந்து. ஒரு கோடை முழுக்கக் காயட்டும். இரண்டு துண்டை மோதிப் பார்த்தால் காய்ந்தது ‘டங்’கென்று கேட்கும், ஈரமானது ‘தொப்’பென்று கேட்கும். எடுக்கும்போது தேள் பார்த்து எடுங்கள்.

வேலியில் அரளி இருந்து அதுவும் விழுந்திருந்தால் விறகோடு சேர்க்காதீர்கள். அது விஷம், புகையும் ஆகாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் இருப்பவர்கள் தில்லை மரத்தைத் தொடவே மாட்டார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இன்னொன்று. வேரோடு சாய்ந்த மரத்தை அறுக்கும்போது தூர்க்குழிப் பக்கம் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், நிற்கக் கூடாது. எங்கள் மாமரத்தின் பாரம் குறைந்ததும் வேர்மண்ணோடு தூர் சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் அறுத்தவர் அனுபவசாலி.

புளியின் அடிக்கட்டையை மட்டும் பிளக்கவில்லை. கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து, வெட்டுக்கட்டைக்கு வேண்டும் என்று வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். விறகு விலையைவிட நல்ல விலைதான் கொடுத்தார்.