கறி சீஸ் பன்: ஊட்டி குளிர்ல மாவு, மசாலா, ஓவன் பத்தி கேட்டதும் சொன்னதும்

கறி சீஸ் பன் போட்டோ போட்டதுல இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதனால இங்கயே எல்லாத்துக்கும் பதில் போட்டுடறேன். குன்னூர்ல சின்னதா பேக்கரி வச்சிருக்கோம், வீட்லயும் ஓடிஜில (மேடைல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்) செய்வேன். அளவு கேட்டவங்களுக்கு முதல்ல அது: மைதா அரை கிலோ, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 40 கிராம், ஒரு முட்டை, வெதுவெதுன்னு பால் 250 மில்லி. உள்ள வைக்க கொத்துக்கறி 400 கிராம், பெரிய வெங்காயம் ரெண்டு, சீஸ் 150 கிராம். 12 பன் வரும். உருண்டை ஒண்ணு 70 கிராம், உள்ள வதக்கின கறி மசாலா 30 கிராம், அதோட கொஞ்சம் சீஸ், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்ல இருந்து: அக்கா, ரெண்டு மணி நேரம் ஆச்சு மாவு அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கு. வீடியோல ஒரு மணி நேரத்துல டபுள் ஆகும்னாங்க. ஈஸ்ட் செத்துப்போச்சாங்க?

அந்த வீடியோ சென்னைலயோ மதுரைலயோ எடுத்திருப்பாங்க தம்பி, அங்க கிச்சனே 30 டிகிரி இருக்கும், உங்க கிச்சன் டிசம்பர்ல 14, 15 இருந்தாலே பெருசு. ஈஸ்ட் உயிரோட இருக்கான்னு சந்தேகம்னா கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணில ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு பத்து நிமிஷம் பாருங்க, நுரை வந்தா நல்லாதான் இருக்கு. தண்ணி கை பொறுக்கற சூடுதான், கொதிக்கிற தண்ணிய ஊத்தினா நீங்களே கொன்னுடுவீங்க.

சூட்டுக்கு ஓடிஜிக்குள்ள மாவு பாத்திரத்த வச்சு பக்கத்துல ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணி வச்சு கதவ மூடிடுங்க, ஓவன ஆன் பண்ண வேணாம். இங்கதான் ஒண்ணு கவனிக்கணும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், காத்தோட அழுத்தம் கடற்கரைல இருக்கறதுல முக்கால் பங்குதான், அதனால ஈஸ்ட் விடற கேஸ் கீழ இருக்கறத விட அதிகமா விரியும். குளிர்ல தூங்கிட்டே இருந்த மாவு சூடு பட்டதும் திடீர்னு பொங்கிடும், நீங்க வீடியோல சொன்ன நேரம்னு உக்காந்திருந்தா அளவு தாண்டி போய் ஓவன்ல வச்சதும் அமுங்கிடும். கடிகாரத்த பாக்காதீங்க, மாவ பாருங்க. விரல்ல லேசா அழுத்தினா பள்ளம் மெதுவா பாதி திரும்பி வரணும், அதான் சரி. சூடான இடத்துல வைக்கறதா இருந்தா ஈஸ்ட் 5 கிராமே போதும்.

ராத்திரி பிசைஞ்சு வச்சு காலைல செய்யலாமான்னும் சிலர் கேட்டீங்க. தாராளமா, ருசியும் கூடும், ஆனா ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஜனவரில வெளிய வச்சாலே ஃப்ரிட்ஜ் மாதிரிதான்னு சொல்றவங்க இருக்காங்க, பாலும் முட்டையும் சேர்ந்த மாவு, அந்த சமாதானம் எல்லாம் வேணாம்.

கோத்தகிரி: மேல சூப்பரா பொன்னிறமா வருதுங்க, ஆனா அடிப்பக்கம் பச்சை மாவா நசநசன்னு இருக்கு. உள்ள ஒரு பெரிய ஓட்டை வேற. ஈஸ்ட் ஜாஸ்தியா? மாவு பிராண்ட மாத்தணுமா?

இந்த கேள்விதான் அதிகமா வந்திருக்கு. எல்லாரும் மாவையும் ஈஸ்ட்டையும்தான் திட்டறாங்க, மசாலாவ ஒருத்தரும் சந்தேகப்படறது இல்ல. உங்க மசாலால ஈரம் இருக்கு, அவ்வளவுதான் விஷயம். கறில இருக்க தண்ணி ஓவன்ல ஆவியாகி மேல இருக்க மாவ தூக்கி விட்டுடுது, அதான் அந்த ஓட்டை. ஆவியாகாம மிச்சம் இருக்கற தண்ணி அடில இறங்கி மாவ வேக விடாது. நீங்க எந்த பிராண்ட் மைதா வாங்கினாலும் இதேதான் நடக்கும்.

கறிய தனியா அகலமான வாணலில பெரிய தீயில வதக்குங்க, ஒரேடியா எல்லாத்தையும் போட்டா தண்ணி விட்டு வெந்துட்டே கிடக்கும், ரெண்டு தடவையா போடுங்க. தண்ணி வத்தி, சடசடன்னு பொரியற சத்தம் வரணும். அப்புறம் வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு, கொஞ்சம் கரம் மசாலா. தக்காளி போடாதீங்க, போட்டே ஆகணும்னா பேஸ்ட்டா சுண்ட வச்சு ஒரு ஸ்பூன். கடைசில வாணலிய சாய்ச்சு பாருங்க, ஓரத்துல எண்ணெயோ தண்ணியோ ஓடி வந்தா வடிச்சிடுங்க. அப்பவும் உதிரியா இருந்தா ஊட்டி உருளைக்கிழங்கு சின்னதா ஒண்ணு வேகவச்சு மசிச்சு சேருங்க, ஈரத்தையும் இழுத்துக்கும், உருட்டவும் வரும். மட்டன் கைமா கொஞ்சம் முத்தலா இருந்தா குக்கர்ல வைங்க, இந்த உயரத்துல கீழ விட ஒரு விசில் சேர்த்து விடணும், ஆனா குக்கர்ல வெச்சத அப்படியே எடுத்து உள்ள வைக்காதீங்க, வாணலில போட்டு சுண்ட வச்சே ஆகணும்.

அப்புறம் ஆற விடணும். சும்மா அஞ்சு நிமிஷம் ஃபேன் காத்துல இல்ல, தட்டுல பரப்பி முழுசா ஆறணும். சூடா வச்சா மாவுல இருக்க வெண்ணெய் உருகி உள்பக்கம் கொழகொழன்னு ஆயிடும். ட்ரேய நடு தட்டுக்கு ஒரு படி கீழ வைங்க, ஓவன் குறைஞ்சது 15 நிமிஷம் முன்னாடியே சூடாகி இருக்கணும், 200 டிகிரி, 18ல இருந்து 20 நிமிஷம்.

லவ்டேல்: அக்கா பச்சை கைமாவ அப்படியே மசாலா தடவி உள்ள வைக்கலாமா? வெளிநாட்டுல பாஸ்டின்னு கறி வச்சு மூடி சுடற பண்டத்துல எல்லாம் பச்சையாதான் வைப்பாங்கன்னு என் கசின் சொல்றான்.

கசின் சொன்னது பாஸ்டிக்கு உண்மைதான்மா. இங்கிலாந்துல கார்ன்வால் பாஸ்டில மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடுன்னு (swede) டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு, எல்லாம் பச்சையா வச்சுதான் மூடுவாங்க. 2011ல அதுக்கு ஐரோப்பால புவிசார் பாதுகாப்பே குடுத்தாங்க. ஆனா அது ஈஸ்ட் இல்லாத கெட்டி மாவு, முக்கால் மணி நேரம் கிட்ட ஓவன்ல இருக்கும், சீஸும் கிடையாது. நம்ம பன் 20 நிமிஷத்துல வெளிய வந்துடும், அதுக்குள்ள நடுவுல இருக்க பச்சை கைமா பத்திரமா வெந்திருக்கும்னு நம்ப முடியாது. அரைச்ச கறி 71 டிகிரியாவது தொடணும், கோழின்னா 74. வேகவச்சே வைங்க.

குன்னூர் பெட்ஃபோர்டு: சீஸ் எல்லாம் வெடிச்சு ட்ரேல ஓடிடுது, பன்னுக்குள்ள ஒண்ணும் இல்ல. எந்த சீஸ் வாங்கறது?

ரெண்டு காரணம். ஒண்ணு, மூடற விளிம்புல எண்ணெய் படுது. கறி தொட்ட விரலால மாவ கிள்ளி மூடினா அப்பதைக்கு ஒட்டின மாதிரி இருக்கும், ஓவன்ல பிரிஞ்சுடும். மசாலாவ ஸ்பூன்ல வைங்க, விளிம்பு சுத்தமா இருக்கட்டும், கிள்ளி மூடி அந்த பக்கத்த அடியில வச்சு ட்ரேல வைங்க. மேல டூத்பிக்கால ரெண்டு ஓட்டை போடுங்க, ஆவி போக வழி வேணும்.

இன்னொண்ணு சீஸ். மொசரெல்லா மட்டும் போட்டா இழுவை நல்லா வரும், ருசி சப்புனு இருக்கும், தண்ணியும் விடும். முத்தின செட்டர் மட்டும் போட்டா ருசி இருக்கும், எண்ணெய் பிரிஞ்சு நிக்கும். பாதிக்கு பாதி கலந்துடுங்க. கடைல கிடைக்கற ப்ராசஸ்டு சீஸ் க்யூப் ஓடாது, எண்ணெயும் விடாது, குழந்தைங்களுக்கு அதுவே பிடிக்கும், எனக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்ல. நம்ம மலையிலயே, அந்தப் பக்கம் கொடைக்கானல்லயும், பண்ணை சீஸ் கிடைக்குது, கௌடா கிடைச்சா ஒரு தடவை போட்டு பாருங்க, கறியோட அது பிரமாதமா சேரும். துருவி உருண்டையா பிடிச்சு அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சு, கறிக்கு நடுவுல வைங்க. மாவு மேல நேரா படற மாதிரி வைக்காதீங்க.

கேத்தி: எங்க தோட்டத்துல முட்டைக்கோஸ் மலிஞ்சு கிடக்குங்க, கறியோட சேர்க்கலாமா? கறி விலைக்கு கொஞ்சம் கட்டுப்படியாகும்.

கட்டுப்படியாகறதுக்காக மட்டும் இல்ல, அதுக்குன்னே ஒரு பன் இருக்கு. அமெரிக்கால நெப்ராஸ்கா பக்கம் ரன்சான்னு சொல்றாங்க, மாட்டுக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம் வச்ச பன். ரஷ்யால வோல்கா ஆத்தங்கரைல குடியிருந்த ஜெர்மன்காரங்க அங்க போனப்ப கூடவே கொண்டு போனது. கேத்தி கோஸுக்கு அது பொருத்தமா இருக்கும். பொடியா நறுக்கி உப்பு போட்டு கால் மணி நேரம் வச்சு நல்லா பிழிஞ்சுட்டு கறியோட வதக்குங்க, மிளகு தூக்கலா போடுங்க. பிழியாம போட்டீங்கன்னா மேல கோத்தகிரிக்காரங்களுக்கு சொன்ன அதே கதை. காளானுக்கும் இதேதான், கறி வேணாம்ங்கறவங்க காளான தண்ணி வத்தற வரைக்கும் வதக்கி வச்சுக்கலாம்.

வெலிங்டன்: தெர்மாமீட்டர் வாங்கினேன். புக்குல பன் நடுவுல 95 வரணும்னு போட்டிருக்கு, எனக்கு 91 தாண்டவே மாட்டேங்குது, விட்டா மேல கருகுது.

தாண்டாதுங்க. இந்த மலைல தண்ணியே 93, 94ல கொதிச்சிடுது, ஈரம் இருக்க மாவு அதுக்கு மேல எப்படி போகும். 88, 90 வந்தா எடுத்துடுங்க, வெந்திருக்கும், கறியும் எப்பவோ 74 தாண்டி இருக்கும். அந்த புக்கு கடல் மட்டத்துக்கு எழுதினது.

ஊட்டி: வர்க்கி மாவுல கறி வச்சா எப்படி இருக்கும் அக்கா? மொறுமொறுன்னு வருமே.

ஆசை நல்லாதான் இருக்கு. வர்க்கி கொழுப்ப தடவி தடவி மடிச்ச மாவு, விறகு அடுப்புல நிதானமா காய வச்சு எடுக்கறது, அந்த மொறுமொறுப்பே ஈரம் இல்லாததாலதான். உள்ள கறி வச்சா அன்னைக்கு சாயங்காலமே நமுத்துப் போகும். 2023ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம், டீக்கு தொட்டு சாப்பிடறதுக்கே இருக்கட்டும். மொறுமொறுன்னு கறி வேணும்னா பஃப்ஸ் பண்ணுங்க.

அருவங்காடு: முட்டை சேர்க்க மாட்டோம், மைக்ரோவேவ் கன்வெக்ஷன்தான் இருக்கு.

முட்டைக்கு பதிலா 45 மில்லி பால் கூட ஊத்துங்க, மேல தடவவும் பாலே போதும். கன்வெக்ஷன் மோட்ல 180 வைங்க, மைக்ரோ மோட் பக்கமே போகாதீங்க.

குன்னூர்: பையன் காலைல ஏழு மணிக்கு பஸ் ஏறினா பன்னெண்டரைக்குதான் சாப்பிடறான். டிபன் பாக்ஸ்ல கறி பன் குடுத்து விடலாமா?

கறியும் சீஸும் உள்ள வச்சது வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்க வேணாம். இங்க குளிர்தானேன்னு நினைப்போம், ஆனா ஸ்கூல் பை வெயில் படற ஜன்னலோரம் கிடந்தா யாருக்கு தெரியும். அஞ்சரை மணி நேரம்னா நான் குடுக்க மாட்டேன். உருளைக்கிழங்கு பட்டாணி வச்சாலும் அவ்வளவு நேரம் தாங்கும்னு இல்ல, வெறும் பன்னும் ஜாமும் அனுப்புங்க, கறி பன் அவன் சாயங்காலம் வந்ததும் சூடா குடுங்க.

கோத்தகிரி: மே மாசம் சீசனுக்கு வீட்ல இருந்தே செஞ்சு விக்கலாம்னு இருக்கோம். முன்னாடியே செஞ்சு வைக்க முடியுமா? ஒரே நாள்ல நூறு பன் எப்படி பண்றது?

முதல்ல எஃப்எஸ்எஸ்ஏஐல (உணவு பாதுகாப்பு ஆணையம்) பதிவு பண்ணிடுங்க, வீட்ல செஞ்சாலும் வேணும். நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் கவர் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும், பட்டர் பேப்பரும் காகிதப் பையும் வாங்கி வச்சுக்கங்க.

பச்சை பன்ன ஃப்ரீஸ் பண்ணாதீங்க, ஈஸ்ட் பாதி போயிடும், கரையறப்ப கறி தண்ணி விடும். முக்கால் வேக்காடும் வேணாம். முழுசா வேகவச்சு, முழுசா ஆறினதும் டப்பால அடுக்கி ஃப்ரீசர்ல வைங்க, ஒரு மாசம் ருசி போகாம இருக்கும். விக்கற அன்னைக்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாத்தி, காலைல 160 டிகிரில 12 நிமிஷம், மேல லேசா தண்ணி தெளிச்சு சூடு பண்ணா புதுசு மாதிரி இருக்கும், நடு வரைக்கும் ஆவி பறக்கற சூடு வந்திருக்கான்னு ஒண்ண பிச்சு பாருங்க. ஒரு தடவை சூடு பண்ணது மிஞ்சினா வீட்ல சாப்பிட்டுடுங்க, திரும்ப ஃப்ரீசருக்கு போக கூடாது. நூறு பன்னுக்கு மசாலா முந்தின நாளே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, மாவ மட்டும் ரெண்டு கிலோ ரெண்டு கிலோவா முக்கால் மணி நேரம் இடைவெளி விட்டு பிசைங்க, இல்லன்னா முதல் ட்ரே வேகறப்பவே கடைசி ட்ரே பொங்கி வழிஞ்சுட்டு இருக்கும்.