முதலில் விழப் பழகுங்கள், பிறகு தூண்டில்

கேள்வி: எனக்கு வயது 29. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. பத்தடி நீளத்தில், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை கயாக் (சிறு துடுப்புப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவேன். ஏரிக்கரையில் தூண்டில் போட்ட பழக்கமும் உண்டு. வரும் ஞாயிறு கோவளத்தில் இறங்கி வஞ்சிரம் பிடிக்க ஆசை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும் ஐயா?
– சென்னை வாசகர்

பதில்: தம்பி, வரும் ஞாயிறு கோவளம் வேண்டாம். ராடு, ரீல் எதையும் எடுக்க வேண்டாம். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், கூட ஒரு நண்பர். இவற்றோடு அலை இல்லாத, கழுத்தளவு ஆழமுள்ள தண்ணீருக்குப் போங்கள். அங்கே வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழுங்கள். ஏறுங்கள். மறுபடி விழுங்கள். கால் தரையில் படாமல், யார் கையும் பிடிக்காமல், பத்து முறை ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கயாக் தலைகீழாகக் கிடந்தால், அதன் அடிப்பக்கத்தின் மேல் படுத்து, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு இருக்கைக்கு நேராக வாருங்கள். பலரும் இங்கேதான் தவறுவார்கள்: கால் கயாக்குக்கு அடியில் போய் உடம்பு செங்குத்தாகத் தொங்கும், எவ்வளவு பலசாலியானாலும் ஏற முடியாது. முதலில் கால்களை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குப்புறப் படுத்த நிலையிலேயே, தொப்புள் கயாக்கின் நடுவுக்கு வரும்வரை இழுத்துக்கொள்ளுங்கள். அப்படியே புரண்டு இருக்கையில் உட்காருங்கள். கால்கள் கடைசியாக உள்ளே வரட்டும். அவசரப்பட்டு முழங்காலை ஊன்றினால் மறுபடி கவிழும்.

உங்கள் கயாக்கின் தரையில் உள்ள துளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறி வந்த தண்ணீர் அவற்றின் வழியே வடிந்துவிடும். எங்கள் அப்பா ஓட்டிய கட்டுமரமும் இப்படித்தான். மரங்களுக்கு நடுவே தண்ணீர் வந்து போகும், ஆனால் மூழ்காது. கவிழ்ந்தாலும் கட்டுமரத்தை விட்டுவிட்டு யாரும் கரைக்கு நீந்த மாட்டார்கள். உங்களுக்கும் அதுவே சட்டம். ஏற முடியாவிட்டாலும் கயாக்கைப் பிடித்தபடியே இருங்கள். மிதக்கும் தலையைவிட மிதக்கும் கயாக் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விழுந்த பிறகு அதை மாட்ட முடியாது. போட்டு, எல்லா வாரையும் இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு சரியில்லை. 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான உதவி மட்டுமே. மயங்கியவரின் முகத்தை அது வானம் பார்க்கத் திருப்பாது. அதனால் தனியாகப் போகாதீர்கள். விசிலை ஜாக்கெட்டில் கட்டுங்கள், பையில் போட வேண்டாம்.

இனிக் காற்று. அலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் காற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பல வருஷங்களுக்கு முன்னால், ஆனி மாதக் காலை ஒன்றில் நான் இறங்கியபோது கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. அரை மணி நேரம் சுகமாகப் போனேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, என்னைக் கொண்டுபோனது என் கை இல்லை, மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று, கரையோரத்தில் அலையை எழுப்பாது. உள்ளே போகப் போகத்தான் முகம் காட்டும். அரை மணி நேரம் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையில் தோல் உரிந்துவிட்டது, குடிக்கத் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அன்று மாலை அப்பா ஒன்றுதான் கேட்டார்: "கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பார்த்தியா?" நான் பார்க்கவில்லை.

நம் கரையில் கோடையில் மதியம்போல் கடற்காற்று திரும்பும், அது உங்களைக் கரைக்குத் தள்ளும். அதற்கு முன்னால் அடிப்பது நிலக்காற்று. ஆகவே போகும்போது முகத்தில் காற்று பட்டால் திரும்புவது சுலபம். முதுகில் பட்டால் அன்று கரையோரத்தை விட்டு நகராதீர்கள். புதிதாகத் துடுப்புப் போடுகிறவர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் போவார். காற்று 15 கிலோமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் முதல் வருஷம் வீட்டிலேயே இருங்கள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை, காற்று எச்சரிக்கைகளைத் தினமும் தருகிறது. அதையும் பாருங்கள், கரையில் வலை பிரிக்கிற அண்ணன்களிடமும் கேளுங்கள். அவர்கள் படகு இறக்காத நாளில் நீங்கள் கயாக் இறக்கக் கூடாது.

தண்ணீரில் இருக்கும்போது கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் ஒரு பனைமரம், பின்னால் ஒரு செல்போன் டவர் என்று. இரண்டும் விலகினால் நீங்கள் இழுபடுகிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் தெற்கேயிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வண்ணி. இன்று எது ஓடுகிறது என்று தெரிந்தால், அதை எதிர்த்துப் போய்விட்டு அதோடு திரும்பலாம்.

நாலைந்து முறை இப்படிப் போய் வந்த பிறகு ஒரே ஒரு ராடு எடுங்கள். கழிமுகத் தண்ணீரில் கொடுவாய் கிடைக்கும், அது போதும் கை பழக. முகத்துவாரத்தை மட்டும் நெருங்காதீர்கள். மணல் திட்டு உடைந்திருக்கும் காலத்தில் நீர் வற்றும்போது கடலுக்குள் இழுக்கும். வஞ்சிரம் எங்கும் ஓடிப்போகாது தம்பி. அலை முறியும் இடத்தைக் கடக்கக் கற்ற பிறகு அதைப் பேசுவோம்.

கேள்வி: நங்கூரம் போட்டதும் கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழப் பார்த்தது. கயாக்கில் கோளாறா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: கயாக்கில் கோளாறு இல்லை. கயிற்றைக் கைக்கு எட்டும் பக்கவாட்டில் கட்டியிருப்பீர்கள். நீரோட்டம் கயாக்கைக் குறுக்கே திருப்பும், கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும், மறுபக்கம் தண்ணீர் தள்ளும். நங்கூரம் எப்போதும் முனையிலிருந்தோ வாலிலிருந்தோ இழுக்க வேண்டும். அதற்காகக் கயாக்கின் நீளத்துக்கு ஒரு கயிற்றுச் சுற்றும் இரண்டு சிறு கப்பிகளும் போட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரக் கயிற்றை முனைக்குத் தள்ளலாம். ஒரு கத்தி ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். நங்கூரம் சிக்கிக்கொண்டால் யோசிக்காமல் அறுத்துவிடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீரில் நங்கூரமே வேண்டாம்.

கேள்வி: கெளுத்தி மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது முள் குத்திவிட்டது. வலி தாங்கவில்லை. என்ன செய்வது?
– கடலூர் வாசகர்

பதில்: அந்த முள்ளில் நஞ்சு உண்டு. கரைக்கு வந்து, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி இருக்கும் வெந்நீரில் காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வையுங்கள், வலி குறையும். கொதிக்கும் நீர் அல்ல. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம், அதனால் மருத்துவரிடம் போங்கள். இனிமேல் கெளுத்தியை மடியில் போட்டுக் கழற்றாதீர்கள். வாயைக் கவ்வும் பிடியும் நீளமான குறடும் வேண்டும். இல்லையென்றால் தூண்டில் நரம்பை அறுத்து மீனை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் விடுமுறை நாட்களில் கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறார். அவருக்கு அது பிடித்திருக்கிறது, நான் தடுக்க விரும்பவில்லை. ஆனால் அவர் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை. நான் என்ன செய்யலாம்?
– தூத்துக்குடி வாசகி

பதில்: அம்மா, அவர் கிளம்பும் முன் நாலு விஷயத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எங்கே இறங்குகிறார், எந்தப் பக்கம் போகிறார், கயாக்கின் நிறம் என்ன, எத்தனை மணிக்குக் கரையில் இருப்பார். அந்த மணிக்கு மேல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் என் வீட்டில் ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். அது கடந்தால் கூச்சப்படாமல் கடலோரக் காவல்படையின் 1554க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ அழையுங்கள். அந்தத் தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதும்.

உங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசும். அந்த மாதங்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது. ஓய்வெடுக்க ஒரு தீவு இருக்கிறதே என்று கணக்குப் போட்டுத் தூரம் போக வேண்டாம்.

போன் நீர் புகாத உறையில், அவர் உடம்பிலேயே இருக்க வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரும் தொப்பியும் நீங்களே எடுத்து வையுங்கள். கரையேறியதும், மீனைப் பார்ப்பதற்கு முன்னால், உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அவர் டீக்கடையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போது, அவரைத் தேடி நாலு பேர் கடலில் இறங்கும்படி ஆகிவிடக் கூடாது.