ஜக்கூரா, கடலோரமா? பிபிஎல் பயிற்சிக்கு எந்த ஊர்

கேள்வி: அல்சூரில் குடியிருக்கிறேன், ஐடி வேலை. பொழுதுபோக்குக்காக பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) எடுக்க ஆசை. வார இறுதிகளில் இங்கே பெங்களூரிலேயே, ஜக்கூர் விமானத் திடலில் கற்பதா, நீண்ட விடுப்பு போட்டுக் கடலோர ஊர் ஒன்றில் சீக்கிரம் முடிப்பதா?

பதில்: உரிமம் கிடைத்த பிறகு எங்கே பறக்கப் போகிறீர்கள்? பெங்களூரில்தான் என்றால், பயிற்சியில் ஒரு பகுதியாவது இங்கே நடக்கட்டும்.

காரணம் காற்றின் அடர்த்தி. உயரமும் வெயிலும் கூடினால் காற்று மெலியும். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மதியம் 32 டிகிரி வெயிலில் விமானத்துக்கு அது 5,700 அடிக்கு மேலே இருப்பது மாதிரி. இதை டென்சிட்டி ஆல்டிட்யூட் (அடர்த்தியை வைத்துச் சொல்லும் உயரம்) என்று பாடத்தில் படிப்பீர்கள். இங்கே உடம்பால் உணர்வீர்கள். எஞ்சின் சக்தி குறையும், ரன்வேயில் ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். இருவர் ஏறி டேங்கையும் நிரப்பிவிட்டால் சின்ன செஸ்னா திணறும்.

இறங்கும்போதுதான் உண்மையான வம்பு. மெலிந்த காற்றில் வேகமானி 60 நாட் காட்டும்போது விமானம் நிஜத்தில் 65 நாட்டில் போய்க்கொண்டிருக்கும். கடலோரத்தில் பழகிய கண்ணுக்குத் தரை வேகமாக ஓடுவதாகத் தோன்றும். கை தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். தரைக்கு அருகே அப்படிச் செய்தால் ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடலாம். கண்ணை விட்டுவிட்டு வேகமானியை நம்புங்கள்.

வானிலை வேறு கதை. ஏப்ரல், மே மாதங்களில் காலை அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் இடிமேகம். ஜூன் முதல் மேற்குக் காற்று வலுக்கும், மேகம் தாழும். குளிர்காலக் காலைகளில் மூடுபனி. புதிய தனியார் விமானி கண்ணால் பார்த்துத்தான் பறக்க வேண்டும், 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். ஆக, சனி, ஞாயிறை மட்டும் நம்பினால் பல வாரங்கள் வீணாகும். இடைவெளி விழுந்தால் கற்றதைத் திரும்பக் கற்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். இதில் கடலோரத் திட்டத்துக்கு நியாயம் இருக்கிறது. (அங்கேயும் கடற்காற்று மதியம் சும்மா விடாது.)

நான் சொல்வது கலப்புத் திட்டம். விடுப்பில் கடலோரம் போய் சோலோ (பயிற்றுநர் இல்லாமல் தனியே பறப்பது) வரை தொடர்ச்சியாகப் பறந்துவிடுங்கள். அப்புறம் மீதி மணிநேரங்களைப் பெங்களூரில், பயிற்றுநருடன், வேண்டுமென்றே ஒரு வெயில் மதியத்திலும் ஒரு ஜூலைக் காற்றிலும் போடுங்கள். அன்று டேக்-ஆஃப் தூரத்தை விமானக் கையேட்டு அட்டவணையில் நீங்களே கணக்கிடுங்கள்.

பணம் கட்டும் முன், இங்கே எத்தனை விமானங்கள் இப்போது பறக்கும் நிலையில் உள்ளன என்று நேரில் போய்ப் பாருங்கள். ஜக்கூருக்குப் பக்கத்து எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் பிப்ரவரியில் வான்வெளிக் கட்டுப்பாடு வரும். அந்த மாதத்தில் எதையும் திட்டமிடாதீர்கள்.